ஆறாவது குறை

கல்லூரியில் அவருக்கு பம்ப் சார் என்றுதான் பேர். பதினோரு வருஷமாகக் கால்பந்து அணியின் துணைக் கோச். பந்துகளுக்குக் காற்றடிப்பது, கிழிந்த வலையை முடிச்சுப் போட்டுச் சேர்ப்பது, கோடு போடுவது, மழை விட்டதும் கோல் முனைச் சேற்றில் மரத்தூள் கொட்டுவது, கீப்பருக்கு நாளுக்கு நூறு பந்து உதைத்துப் போடுவது எல்லாம் அவர் பாடு. அந்தப் பதினோரு வருஷத்தில் மூன்று தலைமைக் கோச்சுகள் வந்து போய்விட்டார்கள். ஒருத்தர் வேறு வேலை கிடைத்துப் போனார், ஒருத்தர் முதல்வரோடு சண்டை போட்டுக்கொண்டு போனார், மூன்றாமவர் ஓய்வு பெற்று மாலையோடு போனார். மூன்று பேரையும் வாசல் வரை கொண்டுவிட்டது பம்ப் சார்தான். அதனால் இந்தத் தடவை நமக்குத்தான் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. வாட்ச்மேன் முதல் கேண்டீன்காரர் வரை எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். கேண்டீன்காரர் ஒரு படி மேலே போய் ஒரு வாரமாக அவரைக் கோச் என்றே கூப்பிட்டு, டீயில் பாலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நோட்டீஸ் வந்த அன்று அவர் பெனால்டி கட்டத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஆபீஸ் ஆள் ஓடிவந்து, போர்டில் பேர் ஒட்டியாயிற்று என்றான். பேரைச் சொல்லாமல் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதே ஒரு மாதிரி இருந்தது. பம்ப் சார் சுண்ணாம்புக் கையோடு போய் நின்று படித்தார். மறுபடியும் படித்தார். தலைமைக் கோச்சாக நியமிக்கப்பட்டிருந்தது அவருடைய மனைவியின் கூடப்பிறந்த தங்கை.

சின்னவளுக்கு முப்பத்திமூன்று வயது. தானே ஆடியவள். முழங்கால் போனபிறகு வேறொரு ஊரில் பெண்கள் அணிக்கு ஆறு வருஷம் கோச்சாக இருந்து, கடைசி வருஷம் கோப்பையும் வாங்கிக் கொடுத்தவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு சூட்கேஸும் ஒரு பை நிறையப் பந்துகளுமாக ஊர் ஊராகப் போகிறவள். ஆண்கள் அணிக்கு ஒரு பெண்ணா என்று பலரும் மூக்கில் விரலை வைத்தார்கள். பம்ப் சாருக்கு அந்தக் கவலை இல்லை. அவள் ஆட்டம் அவருக்குத் தெரியும். போயும் போயும் தன் வீட்டிலிருந்தே ஒருத்தி வந்து அந்த நாற்காலியில் உட்கார வேண்டுமா என்பதுதான் உறுத்தியது.

இதில் அவள் தங்குவதற்கு வேறு இடம் பார்க்கவும் முடியாது. அக்கா வீட்டு மாடியில் ஒரு அறை சும்மாதானே கிடக்கிறது! அந்த சூட்கேஸையும் பந்துப் பையையும் படியேறித் தூக்கிக்கொண்டு போய் வைத்ததும் பம்ப் சார்தான். கீழே இறங்கி வந்தபோது அவர் மனைவி அவர் முகத்தைப் பார்க்காமல், வெந்நீர் போட்டிருக்கிறேன், குளித்துவிட்டு வாருங்கள் என்றாள். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கில் நாள் முழுக்கக் காலை வைத்துக்கொண்டிருக்கிற வேலை. வீட்டிலும் அப்படித்தான். எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட்டுப்பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு விட்டுப்பிடித்தாள்.

மாடியிலிருந்து இறங்கி வந்த சின்னவள் நேராகவே பேசினாள். வீட்டில் எப்போதும் போல மாமா என்றுதான் கூப்பிடுவேன், மைதானத்தில் சார் என்பேன், நீங்கள் அங்கே என்னைக் கோச் என்று கூப்பிட வேண்டும், இரண்டையும் கலக்க வேண்டாம் என்றாள். பம்ப் சார் ரொட்டியைப் பிய்த்தபடியே தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்குச் சரி என்றும் அர்த்தம், பார்ப்போம் என்றும் அர்த்தம்.

பழைய ஆட்டம் எளிது. கீப்பர் பந்தை வானத்துக்கு உதைப்பான், அது எங்கேயோ போய் விழும், முன்னால் நிற்கிறவன் ஓடி முட்டுவான். புதுக் கோச் வந்த முதல் நாளே அதற்கு முழுக்குப் போட்டாள். மைதானத்தின் குறுக்கே நாலு இடத்தில் கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் துணி காயப்போடுகிற கயிற்றைக் கட்டச் சொன்னாள். ஒரு மாசத்துக்கு எந்தப் பந்தும் கயிற்றுக்கு மேலே போகக் கூடாது. போனால் உதைத்தவன் மைதானத்தைச் சுற்றி ஒரு ஓட்டம். கயிறு கட்டியது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

பையன்கள் முதலில் திண்டாடினார்கள். கீப்பருக்குக் கதவு என்று பேர். ஆள் அந்த அகலம். உதைத்தே பழகிய கால் அவனுக்கு. ஒரே காலையில் பதினேழு சுற்று ஓடி, வாய் தள்ளிப்போய்ப் புல்லில் மல்லாந்தான். கேப்டனை டாக்டர் என்பார்கள். விலங்கியல் படித்ததால் யாருக்குக் கால் பிசகினாலும் எலும்பின் பேரைச் சொல்லித் துக்கம் விசாரிப்பான். அவனுக்கு மட்டும் கயிறு பிடித்துப்போனது. முன்னால் ஆடுகிறவன் அவசரம். பந்து கிளம்புவதற்கு முன்னாலேயே எதிராளியைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு, லைன்ஸ்மேன் ஆஃப்சைடு என்று கொடி தூக்கியதும் வானத்தைப் பார்த்துக் கையை விரிப்பவன். சின்னவள் அவனை நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்தி, பந்தைக் காலில் வாங்கித் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி அவன் அங்கேயே குதித்துக்கொண்டிருந்தான்.

எட்டுக் கல்லூரிகள், ஆளுக்கு ஏழு ஆட்டம். முதல் இரண்டு இடத்தைப் பிடிக்கிற அணிகள் பெரிய போட்டிக்குப் போகும். இந்தக் கல்லூரி அங்கே போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது.

முதல் ஆட்டத்தில் நாலு கோல் வாங்கித் தோற்றார்கள். நாலில் மூன்று, கதவு பந்தைப் பக்கத்தில் தட்டிவிடப் போய் எதிராளி காலில் கொடுத்தது. இரண்டாவது ஆட்டத்தில் மூன்றுக்கு ஒன்று. கேலரியில் யாரோ, கதவு திறந்து கிடக்குது, தாழ்ப்பாள் போடுங்கப்பா என்று கத்தினான். ஊரே சிரித்தது. பம்ப் சாருக்கும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்தது. அது குளிர்ந்ததை அவர் கவனித்தார். கவனித்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் குளிர்ந்தது குளிர்ந்ததுதான்.

மறுநாள் முதல்வர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். அறைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, இந்த அம்மா விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டோமோ என்று இழுத்தார். நாலைந்து ஆட்டத்துக்குள் சரிப்படவில்லை என்றால் பாதியிலேயே மாற்ற வேண்டியிருக்கும், அப்போது வேறு யாரைப் போடுவோம், உங்களைத்தானே என்றார். அதற்கு ஒரு காகிதம் வேண்டுமாம். அவளுடைய பயிற்சியில் என்னென்ன குறை என்று வரிசையாக எழுதிக் கொடுத்தால் ஃபைலில் இருக்கும்.

பம்ப் சார் சாமான் அறைக்கு வந்து, பந்துக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதினார். எழுத உட்கார்ந்தபோது கை தயங்கியது. முதல் இரண்டு குறைக்குப் பிறகு பேனா தானாக ஓடியது. மூன்றாவதாகக் கீப்பரைப் பற்றி எழுதினார்: பந்து நம்மிடம் இருக்கும்போது கீப்பர் முன்னால் ஏறி நிற்கிறான், பந்து பறிபோனதும் எப்போது பின்வாங்குவது என்று அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அது சரியான குறை. எழுதி முடித்தபோது அவருக்கே பெருமையாக இருந்தது. ஆறாவதாக, பையன்களுக்குக் கோச்மேல் மரியாதை இல்லை என்று எழுதினார். அதை எழுதிய வேகத்தில் ஏழாவதையும் எழுதி, மடித்து, விசில்கள் கிடக்கிற டிராயரில் போட்டு மூடினார். கொடுக்கவில்லை. கொடுப்போமா வேண்டாமா என்று இருந்தது.

மூன்றாவது ஆட்டம் கொட்டுகிற மழையில் நடந்தது. தண்ணீரில் பந்து உருளவே இல்லை. கோல் இல்லாமல் டிராவில் முடிந்தது. முதல் தடவையாக ஒரு கோலும் வாங்கவில்லை. சேறு முகம் தெரியாமல் அப்பியிருந்த கதவுக்கு, பேருந்தில் ஏறும்போது சிரித்த பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

நாலாவது ஆட்டத்தில்தான் அது நடந்தது. வெயில் அடித்து மைதானம் காய்ந்திருந்தது. டாக்டரிடமிருந்து பந்து பின்னால் கதவுக்குப் போனது, அங்கிருந்து இடது பக்கம், திரும்ப டாக்டர், வலது பக்கம், அவசரம் காலில் வாங்கித் திருப்பி வைத்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பம்ப் சார் தன்னை அறியாமல் எண்ண ஆரம்பித்திருந்தார். ஐந்து, ஆறு. எதிராளிகள் ஓடி ஓடிப் பந்து இருந்த இடத்துக்கு வந்தார்கள், பந்து அங்கே இல்லை. எட்டு, ஒன்பது. அவர் எழுந்து நின்றுவிட்டார். குரல் உயர்ந்துகொண்டே போனது. பதினொன்று என்று அவர் கத்தியபோது பந்து வலைக்குள் கிடந்தது. பக்கத்திலிருந்த தண்ணீர்க் கேன் அவர் காலில் பட்டு உருண்டு ஓடியதுகூடத் தெரியவில்லை. பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு கோலை அந்தக் கல்லூரிச் சட்டையில் யாரும் போட்டு அவர் பார்த்ததில்லை. இரண்டுக்கு பூஜ்யம் என்று ஜெயித்தார்கள்.

அன்று சாயங்காலம் வீடே கலகலவென்று இருந்தது. சின்னவள் மேஜைமேல் உப்பு டப்பாவையும் டம்ளர்களையும் நகர்த்தி அந்தக் கோலைத் திரும்பப் போட்டுக் காட்டினாள். இல்லை, ஏழாவது பாஸ் இந்தப் பக்கம் என்று பம்ப் சார் டம்ளரை மாற்றி வைத்தார். அவர் மனைவி முட்டையை வாணலியில் உடைத்து ஊற்றியபடியே சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் சின்னவள் வாய்தவறிச் சொன்னாள்: விண்ணப்பம் கொடுக்க வந்த அன்றைக்கு ஒரே பதற்றம், அக்காதான் டிரைவிங் ஸ்கூல் காரில் ஸ்டேஷனிலிருந்து கூட்டிக்கொண்டு போய்க் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டாள் என்று.

வாணலியில் முட்டை சுருங்கிக்கொண்டிருந்தது. யாரும் திருப்பிப் போடவில்லை. பம்ப் சார் கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். அவள் விண்ணப்பம் போட்டது அவருக்குத் தெரியாது. அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்றரை மாசம், தினமும் அவர் டீயைக் குடித்துக்கொண்டு, நமக்குத்தான் கிடைக்கும் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாளே!

மறுநாள் காலை, கல்லூரி திறந்ததும் முதல் வேலையாக டிராயரைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் முதல்வர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார்.

வைத்தபோது கோபம் இருந்தது. மத்தியானத்துக்குள் கோபம் வடிந்து காகிதம் மட்டும் மிஞ்சியது. திரும்ப வாங்கலாம் என்று இரண்டு தடவை ஆபீஸ் வாசல் வரை போனார். முதல்வர் ஊரில் இல்லை. அந்த வாரம் ஐந்தாவது ஆட்டத்தையும் மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்துவிட்டார்கள். கேலரியில் இந்தத் தடவை வேறு விதமான சத்தம். பையன்கள் பாஸ் போடப் போட, பார்க்க வந்தவர்களும் சேர்ந்து எண்ண ஆரம்பித்திருந்தார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று ஐந்நூறு பேர் ஒரே குரலில் எண்ணுவதைக் கேட்டால் உடம்பு புல்லரிக்கும். பம்ப் சாருக்கும் புல்லரித்தது. ஆனால் அவர் எண்ணவில்லை. வீட்டிலும் வாய் திறக்கவில்லை. கேட்டதற்கு ஒரு சொல், சாப்பாட்டுக்கு ஒரு தலையாட்டல்.

முதல்வருக்கு ஒரு பழக்கம் உண்டு. மேஜைக்கு வருகிற எந்தக் காகிதத்தையும் அவர் முழுதாகப் படிப்பதில்லை. ஓரத்தில் 'தக்க நடவடிக்கைக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்தந்தத் துறைக்குத் தள்ளிவிடுவார். இந்தக் காகிதமும் கால்பந்து சம்பந்தப்பட்டது என்பதால், ஊரிலிருந்து திரும்பியவர் அப்படியே எழுதிக் கால்பந்துத் தலைமைக் கோச்சுக்குத் தள்ளிவிட்டார்.

திங்கட்கிழமை பயிற்சிக்கு முன்னால் சின்னவள் சாமான் அறைக்கு வந்து வாசலருகே நின்றாள். கையில் காகிதம். பம்ப் சார் பந்தின் வாயில் ஊசியைச் செருகிக் காற்றடித்துக்கொண்டிருந்தார். காகிதத்தைப் பார்த்ததும் கை நின்றுபோனது. பந்திலிருந்து காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது.

“ஏழு எழுதியிருக்கீங்க,” என்றாள். “ஒண்ணு, மூணு, நாலு, அஞ்சு சரி. டிக் போட்டிருக்கேன். ரெண்டும் ஏழும் பேசணும், எனக்கு ஒத்துக்க முடியல.”

அவர் பம்ப்பைக் கீழே வைத்தார்.

“மூணாவதை எழுதின அன்னிக்கே எங்கிட்ட நேரா சொல்லியிருந்தா போன ஆட்டத்துல வாங்கின அந்த ஒரு கோல் மிச்சமாயிருக்கும். அதை மட்டும் நெனச்சா எனக்கு வயிறு எரியுது. இன்னிக்கிலேருந்து கதவு உங்க பொறுப்பு. எப்ப ஏறணும், எப்ப இறங்கணும், நீங்க சொல்றதுதான். நான் குறுக்கே வரமாட்டேன்.”

“சின்னவளே...” என்றார்.

“கோச்,” என்று திருத்தினாள். பிறகு காகிதத்தை மடித்தாள். “ஆறாவது பொய். அது பொய்னு உங்களுக்கே தெரியும். அதுக்கு நான் ஒண்ணும் போடல, டிக்கும் இல்ல, கேள்வியும் இல்ல. அக்காகிட்ட நான் சொல்லப் போறதில்ல. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்.”

அவள் போய் விசில் ஊதினாள். இருபத்திரண்டு பேரும் ஷூ முடிச்சைப் போட்டபடியே ஓடிப்போய் அவளைச் சுற்றி நின்றார்கள். பம்ப் சார் அறை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றுப்போன பந்து அவர் கையில் தொளதொளத்தது.

அந்த வாரம் அவர் கதவைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. கோலுக்கு முன்னால் சுண்ணாம்பால் மூன்று கோடு போட்டார். பந்து எதிராளி பாதியில் இருந்தால் மூன்றாவது கோடு, நடுவில் இருந்தால் இரண்டாவது, பறிபோன நொடியில் பின்பக்கமாகவே ஓடி முதல் கோடு. கதவு ஓடி ஓடி விழுந்தான். ‘சார், நான் கதவா, ஊஞ்சலா?’ என்று கேட்டான். கேட்டுக்கொண்டே மறுபடி ஓடினான். ஆறாவது ஆட்டத்தில் மூன்று தடவை சரியான நேரத்தில் சரியான கோட்டில் இருந்து மூன்று கோலைத் தடுத்தான். ஒன்றுக்கு பூஜ்யம். ஆட்டம் முடிந்ததும் நேராக பம்ப் சாரிடம் ஓடிவந்து சேற்றுக் கையோடு கட்டிப்பிடித்தான். அவர் முகம் மலர்ந்தது, உடனே வாடியது.

அன்று சாயங்காலம் அவர் மனைவி மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கப் பிரேக்கில் வைத்த கால் வலிக்க, ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றாள். பம்ப் சார் போய் மறுமுனையிலிருந்து கிளிப்புகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?” என்று கடைசியில் கேட்டார்.

“சொல்லியிருந்தா நீங்க விண்ணப்பமே போட்டிருக்க மாட்டீங்க,” என்றாள். யோசித்து வைத்த பதில் மாதிரி இல்லை, ரொம்ப நாளாகத் தெரிந்த பதில் மாதிரி இருந்தது. “அவளே எடுத்துக்கட்டும்னு பெருந்தன்மையா விட்டுக்கொடுத்திருப்பீங்க. அப்புறம் ஆயுசு முழுக்க அதையே சொல்லிக் காட்டியிருப்பீங்க. அவளுக்கும் எனக்கும்.”

அது அப்படித்தான் நடந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது.

“அவகிட்ட போடாதேன்னு சொல்லவும் எனக்கு மனசு வரல. யாராவது ஒருத்தர் தோக்கத்தான் போறீங்க. தோத்தவங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஆனா, மறைச்சது தப்புத்தான். தினம் நீங்க டீ குடிச்சுக்கிட்டு ஆசையா பேசறப்ப எனக்கு உள்ள இறங்கல. அதைச் சொல்ல வாய் வரல, அவ்வளவுதான்.”

அப்போது பம்ப் சார் காகிதத்தைப் பற்றிச் சொன்னார். முதல்வர் கூப்பிட்டது, எழுதியது, டிராயரில் வைத்தது, கொடுத்தது, அது சின்னவள் கைக்கே போய்ச் சேர்ந்தது வரை ஒன்றையும் விடாமல் சொன்னார். ஆறாவதைக் கையிலிருந்த கிளிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவள் ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

“அவ ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லல,” என்றாள். பிறகு துணிக்கூடையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். “அந்த ஆறாவதை நீங்களே போய் அடிச்சுட்டு வாங்க. அப்புறம் பேசலாம்.”

மறுநாள் பம்ப் சார் சின்னவளிடம் காகிதத்தைக் கேட்டு வாங்கினார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. முதல்வருக்கு அப்போது நேரமே இல்லை. ஜெயிக்க ஜெயிக்க அவருக்கு வாழ்த்துப் போன் வந்துகொண்டிருந்தது. நான்தானே பிடிவாதமாக இந்த அம்மாவைப் போட்டேன் என்று ஒவ்வொரு போனிலும் சொல்லிக்கொண்டிருந்தார். பம்ப் சார் காகிதத்தை அவர் முன் விரித்து, இதில் ஆறாவது பொய், அதை அடிக்க வேண்டும் என்றார். எந்தக் காகிதம் என்றே முதல்வருக்கு ஞாபகம் வரவில்லை. அதெல்லாம் இப்போது எதற்கு, கிழித்துப் போடுங்கள் என்றார். பம்ப் சார் கேட்கவில்லை. கிழித்தால் சரியாக இருந்த நாலும் போய்விடும் என்றார். முதல்வரின் பேனாவையே வாங்கி, ஆறாவது வரியை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் 'இது உண்மை அல்ல' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டார். முதல்வர் வழக்கம்போல ஓரத்தில் ஏதோ எழுதி அதை மறுபடி சின்னவளுக்கே தள்ளினார்.

அவள் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள். அன்று பயிற்சி முடிந்ததும் எதிரணியின் ஆட்டத்தைப் படம் போட்டு வைத்திருந்த நோட்டைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள். வெளிச்சம் மங்கும் வரை இரண்டு பேரும் அதைப் பார்த்தபடி இருந்தார்கள்.

கடைசி ஆட்டம் இரண்டாம் இடத்திலிருந்த அணியோடு, அவர்கள் மைதானத்தில். ஜெயித்தால் இவர்கள் இரண்டாம் இடத்துக்கு ஏறிவிடுவார்கள். டிரா ஆனால்கூடப் போச்சு. பேருந்தில் நாற்பது நிமிஷம். ஒருத்தனும் பேசவில்லை. டாக்டர் மட்டும் பயத்தில் வயிறு கலங்குவதற்கு எந்தச் சுரப்பி காரணம் என்று சொல்லத் தொடங்கி, நாலு பக்கமும் முறைப்பு வந்ததும் நிறுத்திக்கொண்டான்.

புழுதி பறக்கக் காற்று அடித்தது. அவர்கள் ஆட்களால் கேலரி நிரம்பி வழிந்தது. பதினெட்டாவது நிமிஷத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தை அவர்களில் ஒருத்தன் முட்டிக் கோல் போட்டான். பம்ப் சார் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சின்னவள் பக்கக் கோட்டோரம் நடந்துகொண்டே, கீழே, கீழே என்று கையைத் தாழ்த்திக் காட்டினாள். பையன்கள் பதறவில்லை. பந்தைத் தரையோடு தரையாக நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். இடைவேளை முடிந்து பத்தாவது நிமிஷத்தில் டாக்டர் இரண்டு பேருக்கு நடுவே பந்தை நுழைத்துத் தானே ஓடிப்போய் வாங்கி, கீப்பரின் காலுக்குக் கீழே தட்டிவிட்டான். ஒன்றுக்கு ஒன்று.

அப்போதுதான் பம்ப் சார் கேலரியின் மூலையில் தன் மனைவியைப் பார்த்தார். லீவு இல்லை, வர முடியாது என்றுதான் சொல்லியிருந்தாள். பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க, வங்கியில் வேலை பார்க்கிற அம்மா ஒருத்தர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார் கற்றுக்கொள்ள வந்தவர். அன்றைய பாடத்தையே இந்தப் பக்கம் திருப்பி ஓட்டிவரச் செய்திருந்தாள்.

நேரம் ஓடியது. எண்பதாவது நிமிஷம் தாண்டியது. சின்னவளின் குரல் கட்டிப்போயிருந்தது. எதிராளிகள் எல்லோரும் இந்தப் பாதிக்குள் வந்து நெருக்கினார்கள். ஒருத்தன் பந்தைத் தடுப்பாட்டக்காரர்களின் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டு ஓடிவந்தான். அவனுக்கும் கோலுக்கும் நடுவில் கதவு மட்டும்தான். மூணு, மூணு, ஏறி வா என்று பம்ப் சார் கத்தினார். ஆனால் கதவு ஏற்கெனவே மூன்றாவது கோடு இருக்க வேண்டிய இடத்தையும் தாண்டியிருந்தான். கட்டத்துக்கு வெளியே, வந்தவனுக்கு ஒரு எட்டு முன்னால், பந்தை மார்பில் வாங்கிக் காலடியில் போட்டான்.

பக்கத்தில் டாக்டர் கை நீட்டி நின்றான். சின்ன பாஸ் போட வேண்டியதுதான். எதிராளிகளுக்கும் அது தெரியும், மூன்று பேர் டாக்டரை நோக்கிப் பாய்ந்தார்கள். கதவு நிமிர்ந்து தூரத்தில் பார்த்தான். காலை வீசி வானத்துக்கு உதைத்தான்.

“எவன்டா அவனை உதைக்கச் சொன்னது!” என்று சின்னவள் பம்ப் சார் பக்கம் திரும்பினாள்.

“சத்தியமா நான் சொல்லல,” என்றார் பம்ப் சார்.

பந்து காற்றில் மிதந்து நடுக்கோட்டைத் தாண்டி இறங்கியது. அங்கே கீப்பரைத் தவிர எதிராளி ஒருத்தனும் இல்லை. நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் கட்டிப்போட்ட மாதிரி நின்றிருந்த அவசரம் அப்போதுதான் ஓட ஆரம்பித்தான். தன் பாதியிலிருந்தே கிளம்பியதால் ஆஃப்சைடு இல்லை, லைன்ஸ்மேன் கொடி கீழேயே இருந்தது. ஒரு தட்டு, இரண்டு தட்டு. முன்னேறி வந்த கீப்பரைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவசரப்படாமல் கீப்பர் விழும் வரை காத்திருந்து, மூலையில் உருட்டிவிட்டான்.

சின்னவள் பம்ப் சாரின் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. இரண்டு பேரும் ஏதோ கத்தினார்கள். என்ன கத்தினார்கள் என்று பிறகு இருவருக்கும் ஞாபகமில்லை. மீதி ஆறு நிமிஷமும் கதவு விழுந்து புரண்டு, ஒரு பந்தை முகத்தாலேயே தடுத்தான். விசில் ஊதியது.

பையன்கள் எல்லோரும் சின்னவளை நோக்கி ஓடிவந்தார்கள். முதலில் போய் அவர்களுக்குக் கை கொடுத்துவிட்டு வாருங்கள் என்று கம்மிய குரலில் சொன்னாள். பாதிப் பேருக்கு அது காதில்கூட விழுந்திருக்காது. கையசைவைப் பார்த்தே ஒருத்தன் மிச்சமில்லாமல் திரும்பி எதிரணியிடம் ஓடினார்கள். பம்ப் சார் அவள் பக்கம் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புழுதி வேறு.

பையன்கள் பேருந்தில் ஆடிப் பாடிக்கொண்டு போனார்கள். கோச்சுகள் இரண்டு பேரையும் பம்ப் சாரின் மனைவி டிரைவிங் ஸ்கூல் காரில் ஏற்றிக்கொண்டாள். ஓட்டியது வங்கி அம்மா. முன்னால் இரண்டாவது பிரேக்கில் காலை வைத்தபடி மனைவி. பின்சீட்டில் பம்ப் சாரும் சின்னவளும். இரண்டாவது கியருக்கு மேலே போகாமல் கார் ஊர்ந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். பின்சீட்டில் யாருக்கும் அது காதில் விழவில்லை.

“என்ன இருந்தாலும் கடைசியில காப்பாத்துனது நம்ம பழைய உதைதான்,” என்றார் பம்ப் சார்.

“யார் சொன்னது மாமா? ஒரு சீசன் பூராவும் தரையில ஆடுனதாலதான் அந்த மூணு பேரும் டாக்டர்கிட்ட ஓடுனாங்க. அவசரம் நடுக்கோட்டுலயே நின்னதும் யாரால?”

“உதைச்ச கால் யார் பழக்கின கால்?”

“நிறுத்தி வெச்சது யாரு?”

சிக்னலில் கார் குலுங்கி நின்று அணைந்துபோனது. பச்சை விழுந்தது. வங்கி அம்மா சாவியைத் திருப்பினார், கிளம்பி மறுபடி அணைந்தது. பின்னாலிருந்து ஹார்ன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அலறின. வங்கி அம்மாவின் நெற்றி வேர்த்துவிட்டது. மனைவி திரும்பி, ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா, இவங்க பயப்படுறாங்க என்றாள்.

“இல்லம்மா, பேசட்டும்,” என்றார் வங்கி அம்மா, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி. “நான் இதுவரைக்கும் ஒரு ஆட்டமும் பார்த்ததில்ல. அந்த ரெண்டாவது கோல் எப்படி விழுந்துச்சுன்னு மட்டும் எனக்கு இன்னும் புரியல.”

பின்சீட்டிலிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள்.